மலைவழி நடப்போர்க்கு

சேரன் செங்குட்டுவன் இமயம் சென்று கண்ணகிக்குக் கல் கொணர்ந்தான் என்பதையும், அக்கல்லைக் கனக விசயர் தலையில் ஏற்றிக் கொணர்ந்தான் என்பதையும் நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அப்படை வீரர்கள் காலில் எதை அணிந்திருந்தனர், குளிருக்கு எதைப் போர்த்தினர் என்பவற்றை நம் ஆசிரியர்களும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இன்று இமயம் நோக்கிப் புறப்படும் தமிழ் மாணவனுக்குக் கனகனும் இல்லை, விசயனும் இல்லை. அவன் மூட்டையை அவனேதான் சுமந்தாக வேண்டும். அந்த மூட்டையைப் பற்றியும், அதைச் சுமக்கும் உடலைப் பற்றியுமே இங்கு எழுதப் புகுகின்றேன்.

தில்லியிற் படிக்கும் நம் மாணவரிடையே, தேர்வு முடிந்ததும் மலைக்குப் புறப்படுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நால்வர் கூடினால் போதும், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இங்கே போவோமா?" என்று ஒருவர் கேட்க, மறுநாளே பேருந்துக்குச் சீட்டு வாங்கிவிடுகின்றனர். இந்த ஆர்வத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் நம் வயதினர். 2024 ஜூன் திங்களில், உத்தராகண்டின் சகஸ்ர தால் வழியில், கருநாடகத்திலிருந்து சென்ற 22 பேர் குழு பனிப்புயலில் அகப்பட்டு, 9 பேர் உயிரிழந்தனர். மலை நம்மீது பகை கொண்டு இவற்றைச் செய்வதில்லை. அதற்கு நாம் வந்ததே தெரியாது. அதனாலேதான் நாம் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வழிநடைக்கு நூல் எழுதுவது நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் இருக்கின்றன. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் உண்மையிலேயே ஒரு மலைவழிக் கையேடு என்பேன். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்குப் புலவர் சொல்லும் அறிவுரைகளைப் பாருங்கள்: பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உண்டு, விடிந்தபின் செல்லுங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள், வழுக்கும் இடத்தில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள், இரவில் குகையில் தங்குங்கள். தமிழ்த்தேர்வுக்காக இதைப் படித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. மலையில் நடந்து வந்தபின் படித்தபோது, "அனுபவப்பட்டவர் எழுதியது!" என்று தோன்றிற்று.

நான் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வழி ஹர் கி தூன். தில்லியிலிருந்து புதிதாய்ப் புறப்படுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான பள்ளத்தாக்கு வேறில்லை என்பது என் கருத்து. இது உத்தர்காசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்குப் புகலிடத்துக்குள் இருக்கிறது. உயரம் 3,566 மீட்டர். எதிரே சுவர்க்காரோகிணி நிற்கிறது. பாண்டவர் விண்ணுலகு சென்றது அதன் வழியே என்று அவ்வூரார் சொல்வர். தில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் டேராடூன்; அங்கிருந்து காலைப் பேருந்தில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் சென்றால் சங்க்ரி என்னும் சிற்றூர். அந்த 190 கிலோமீட்டருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும் என்றால் சாலையின் தன்மையை ஊகித்துக்கொள்ளலாம். சங்க்ரியை அடுத்துத் தாலுகா, பின்னர் கங்காட், ஓஸ்லா ஆகிய ஊர்கள், அப்பால் புல்வெளி. தாலுகாவிலிருந்து பள்ளத்தாக்கின் தலை வரை ஒருவழிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டு மழையில் மலைச்சரிவு மிகுதி. அப்போது போகவே வேண்டா.

இவ்வழியில் ஒரு சிறப்பும் உண்டு. பள்ளத்தாக்கில் ஓடும் சுபின் ஆறு நைட்வாரில் ரூபின் ஆற்றோடு கலந்து டோன்ஸ் என்று பெயர் பெறுகிறது. டோன்ஸ் யமுனையிற் கலக்கிறது. கலக்கும் இடத்தில் யமுனையைக் காட்டிலும் டோன்சில்தான் நீர் மிகுதி. அதாவது, மயூர் விஹாரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மேற்கே ஓடும் அந்தக் கரிய யமுனை, மேலே பச்சைக் கண்ணாடிபோல் ஓடுகிறது. 2023 ஜூலை 13 அன்று பழைய இரும்புப் பாலத்தருகே 208.66 மீட்டர் மட்டத்தை எட்டி, ஆற்றங்கரைக் குடிசையினரை எங்கள் பகுதிச் சாலையோரத்துக் கூடாரங்களில் குடியேற்றிய யமுனையும் இதுவே.

பயிற்சியிலிருந்து தொடங்குவோம். ஓஸ்லாவிலிருந்து ஹர் கி தூன் வரை ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். எங்கள் குடியிருப்பு மின்தூக்கி இல்லாத நான்கு மாடிக் கட்டடம். தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஏறத்தாழ 12 மீட்டர். ஆக 83 முறை ஏறினால் ஒரு நாள் ஏற்றம் முடிந்தது! யாரும் 83 முறை ஏற வேண்டா. முதல் வாரம் வெறுங்கையோடு 10 முறை ஏறுக. இறங்கும்போதும் விரையாமல் இறங்குக, முழங்காலை வருத்துவது இறக்கமே. பின்னர் முதுகில் பையை மாட்டி, அதில் 5 கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்து ஏறுக. ஆறு வாரத்தில் 25, 30 முறை என்று உயர்த்துக. ஞாயிறு காலைகளில் சஞ்சய் ஏரியைச் சுற்றி அதே பையோடு இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் போதும். எதிரே வருவோர் வியந்து பார்ப்பர். உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்குச் செல்லும் ஒரு பாட்டியார் எங்களை நிறுத்தி, "ஏம்ப்பா, வாடகை வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். அதற்கெல்லாம் வெட்கப்படலாகாது. ஒன்று மட்டும் சொல்வேன்: குளிர்காலத்தில் புகைமூட்டம் கவிந்த காலைகளில் வெளியே நடக்காமல் மாடிப்படியோடு நிறுத்திக்கொள்க.

இனிக் கால். நெடுநடையில் தோற்பவர் பெரும்பாலும் நெஞ்சால் தோற்பதில்லை. குதிகாற் கொப்புளத்தால் தோற்கின்றனர். காலணியை மாலை வேளையில் வாங்குக. நடந்து நடந்து பாதம் சற்றே வீங்கியிருக்கும் நேரம் அது. தடித்த காலுறை அணிந்து, பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கடை இடம் இருக்கிறதா என்று பார்க்க. இல்லையேல் இறக்கத்தில் நகம் கறுத்து விழுந்துவிடும். புதுக் காலணியோடு மலைக்குப் போவது புதுமாப்பிள்ளைக்கே துன்பம். குறைந்தது 50 கிலோமீட்டராவது இங்கேயே அணிந்து பழக்குக. கொப்புளம் எப்படி வருகிறது? ஈரத்தாலும் வெப்பத்தாலும் மென்மையான மேல்தோலின் மேலடுக்கு, உராய்வில் கீழடுக்கைவிட்டு விலகி, இடையில் நீர் கோக்கிறது. அது வருமுன் அவ்விடம் சுருக்கென்று சுடும். சுட்டதும் அந்தக் கணமே நின்று, காலுறையைக் கழற்றி, ஒட்டுநாடா ஒட்டுக. "அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்க்கு அடுத்த திருப்பத்தில் கொப்புளம் காத்திருக்கும். பழனிக்குத் தைப்பூச நடை செல்லும் நம் ஊரார்க்கு இது தெரியும். ஆனால் அவர்கள் சமதரையில் நடக்கின்றனர், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலும் உண்டு. மலையில் இரண்டும் இல்லை.

மூட்டையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகலாகாது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு 12 கிலோ. புதியவர்க்கு 10 கிலோவோடு நிறுத்துவது நன்று. நல்ல பையில் இடுப்புப் பட்டை இருக்கும். எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தோள்வார் பை பின்சாயாமல் பிடிப்பதற்கே. கனமான பொருளை முதுகை ஒட்டி நடுவில் வைக்க வேண்டும். காரணம் எளிது: எடை முதுகைவிட்டு விலகினால் நெம்புகோல்போல் உங்களைப் பின்னுக்கு இழுக்கும், அதை ஈடுசெய்ய முன்சாய்ந்தே நடக்க நேரும். எல்லாவற்றையும் ஒரு தடித்த நெகிழிப் பைக்குள் இட்டு அதன்பின் மூட்டைக்குள் வைக்க. மழையுறை என்று விற்பது மழைக்குப் போதும், ஓடையில் விழுந்தால் போதாது. பையும் தூங்குபையும் தில்லியிலும் சங்க்ரியிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல் பயணத்துக்கே உதவித்தொகையை எல்லாம் கொட்டி வாங்குவது வீண்.

செலவைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைவழி 1937இல் முழுமை பெற்றது. 1955இல் எம்மா கேட்வுட் என்னும் 67 வயது மூதாட்டியார், தனியாக அதை ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். அவர் காலில் சாதாரணத் துணிக் காலணி. தோளில் தாமே தைத்த ஒரு பை. கூடாரமும் இல்லை, தூங்குபையும் இல்லை. நம் மாணவியரிடம் "உனக்கெதற்கு இதெல்லாம்?" என்று கேட்கும் உறவினர்க்கு இவரைச் சொல்லலாம். இன்னும் அண்மையில் வேண்டுமானால், விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்டு ஏறியதைச் சொல்லலாம். ஆனால் கேட்வுட் அம்மையார் துணிக் காலணியில் நடந்தார் என்பதற்காக நீங்களும் பனியில் துணிக் காலணியோடு இறங்கிவிடாதீர்கள். அவர் ஓகியோவின் பண்ணையில் பதினொரு பிள்ளைகளை வளர்த்த உடம்புக்காரர்.

உடையில்தான் நாம் மிகவும் தடுமாறுகிறோம். பருத்தி நம் நாட்டு வெயிலுக்கு அமுதம். மலையில் அதுவே நஞ்சு. பருத்தி வியர்வையையும் மழையையும் உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்பவன், தன் உடல் வெப்பத்தைத் தானே வாரி இறைக்கிறான். கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தாலும் ஓரளவு காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும். எனவே உடலை ஒட்டிச் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்காக அணிக. நடக்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றி வியர்வையைத் தவிர்க்க. நின்றதும் உடனே மாட்டுக. ஜீன்சு காற்சட்டை அறவே ஆகாது. கைலி கொண்டுவரலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தூங்குபைக்குள் வேண்டுமானால் உடுத்தலாம்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். மே மாதத்தில் இங்கே 40 பாகை கொதிக்கும்போது அங்கே பகலிலேயே 20க்குச் சற்றுக் கீழே. இரவில் உறைநிலையை நெருங்கும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம், பின் கால் இடறல், பின் நாக்குழறல் என்று அது வரும். நடுங்கிக்கொண்டிருந்தவன் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். அதுதான் மோசமான அடையாளம். ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை உடுத்தி, தூங்குபைக்குள் இட்டு, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சுடுபானம் தருக.

இப்போது காற்று. 3,566 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 64 விழுக்காடே. ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, அதே 21 விழுக்காடுதான். ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் மூலக்கூறுகள் குறைகின்றன. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். 2,500 மீட்டருக்கு மேலே யாருக்கும் மலைநோய் வரலாம். விளையாட்டு வீரர், இளைஞர் என்று அது பார்ப்பதில்லை. தலைவலியோடு குமட்டல், சோர்வு, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது மலைநோய் என்றே கொள்க. மருத்துவர் கூறும் விதி: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடலாகாது; மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஓய்வு நாள் வேண்டும். பகலில் உயரே ஏறி இரவில் தாழ்ந்து தூங்குவது நன்று. அசிட்டசோலமைடு என்னும் மருந்து உண்டு. அதை மருத்துவரைக் கேட்டே உட்கொள்க.

எங்கள் முதல் பயணத்தில் ஐவர் சென்றோம். எங்களுள் வலிமை மிக்கவர் கால்பந்து ஆடுபவர்; இராமநாதபுரத்துக்காரர். ஓஸ்லாவுக்கு மேலே ஓரிரவு தங்கியபோது அவருக்குத் தலைவலி. காலையில் வாந்தி, தேநீரும் தங்கவில்லை. "இன்னும் மூன்று மணி நேரந்தானே மச்சான், வந்துவிடுகிறேன்" என்றார். எங்கள் வழிகாட்டி, ஓஸ்லாவைச் சேர்ந்த நடுவயதினர், தரையில் கோலால் ஒரு கோடு கிழித்து, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தார். அதனால் மூளைவீக்கம் இல்லை என்று தெரிந்தது. ஆயினும் வழிகாட்டி, "பாயீ சாப், ஹர் கி தூன் எங்கும் ஓடிப்போகாது" என்று சொல்லிக் கீழே கைகாட்டினார். நண்பருக்குக் கோபம்; மாதக்கணக்கில் பணம் சேர்த்து வந்தவர். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பின் நானும் உதவியாளர் ஒருவரும் அவரோடு இறங்கினோம். மற்ற மூவர் மேலே சென்றனர். நண்பகலில் ஓஸ்லாவில் தலைவலி நின்றது. நான்கு ரொட்டி தின்றார். முந்தைய இரவுப் பருப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றுவரை சாதிக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கை நான் கண்டது அதற்கடுத்த அக்டோபரில்தான்.

அவர் கோட்டில் தள்ளாடியிருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமியிருந்தாலோ, அரைமணி வாக்குவாதத்துக்கும் இடமில்லை. முன்னது மூளையில் நீர்கோத்தல். பின்னது நுரையீரலில் நீர்கோத்தல். இரண்டும் சில மணி நேரத்தில் கொல்லும். இரவாயினும் இறக்க வேண்டும், தனியே அனுப்பக்கூடாது.

உணவுக்கு வருவோம், இதில் நமக்குக் குறைவில்லை. அழுத்தம் குறைவதால் 3,500 மீட்டரில் நீர் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பது தெரியும், அரிசி வேகாது. பருப்பு நள்ளிரவுவரை கல்லாகவே இருக்கும். அழுத்தக் கொப்பரை, அதாவது நம் குக்கர், இல்லாவிடில் அரிசியை நம்ப வேண்டா. அவல் கொண்டு செல்க. வெந்நீரில் நனைத்துப் புளிக்காய்ச்சலோ பருப்புப்பொடியோ கலந்தால் ஐந்து நிமிடத்தில் உணவு. வழியில் கொறிக்கக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை. பொரிவிளங்காய் உருண்டையை நம் பாட்டிமார் நெடும்பயணத்துக்கென்றே கண்டுபிடித்தார்கள் போலும். வாரக்கணக்கில் கெடாது, உடைக்கக் கல்தான் வேண்டும், மலையில் அதற்குப் பஞ்சமில்லை. மூட்டையோடு ஏறும் நாளில் 3,000 கலோரிக்கு மேல் செலவாகும். பசி எடுக்காவிட்டாலும் உண்க. நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் குடிக்க வேண்டும். ஓடை நீர் தெளிந்திருந்தாலும் மேலே ஆடும் கோவேறு கழுதையும் மேய்கின்றன. 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் 88 பாகையிலும் நோய்க்கிருமிகள் மாய்ந்துவிடும்.

மலங்கழிக்கும் செய்தியை இதழில் எழுதலாமா என்று ஆசிரியர் தயங்கக்கூடும், எழுதாமலிருப்பதே தவறு. நீரோட்டத்திலிருந்து 70 தப்படி விலகி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, பின் மண்ணிட்டு மூடுக. காகிதத்தையும் அணையாடையையும் புதைக்காமல் ஒரு பையிலிட்டுத் திருப்பிக் கொணர்க. அந்த ஓடை யமுனையிற் கலக்கிறது, வஜீராபாத்தில் தில்லிக் குடிநீரின் ஒரு பகுதி எடுக்கப்படுவது அந்த யமுனையிலிருந்துதான் என்பதை நினைத்தால் போதும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைட்வாரில் வனத்துறைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிக் கட்டணம் செலுத்த வேண்டும். 2018 ஆகஸ்டில் உத்தராகண்டு உயர்நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடை செய்தது. ஆகவே எங்கே கூடாரம் இடலாம் என்பதைச் சாவடியிலேயே கேட்டுத் தெளிக. குரங்கணிக்குப் பின் தமிழ்நாட்டிலும் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 வழிகளைத் திறந்து, முன்பதிவும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தது. கோடை விடுமுறையில் ஊர் போவோர் அங்கும் நடந்து பழகலாம்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தும் இடம் இதுவன்று. இந்தி தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பரவாயில்லை. அவர்க்கும் இந்தி இரண்டாம் மொழிதான். நீங்கள் செல்லும் வழி, தங்கும் ஊர், திரும்பும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அறைத்தோழர் ஒருவரிடம் தந்து, இன்ன நாள் இரவுக்குள் செய்தி வராவிட்டால் 112ஐ அழைக்கச் சொல்லுங்கள். மேலே கைப்பேசி பெரும்பாலும் வெறும் விளக்குத்தான். பிற்பகல் 2 மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவது என்று புறப்படும்போதே முடிவு செய்து கொள்க.

வரும் அக்டோபர் விடுமுறையில் மீண்டும் செல்லவிருக்கிறோம்; இராமநாதபுரத்து நண்பரும் வருகிறார், இம்முறை ஒரு நாள் கூடுதலாகத் தங்கி ஏறுவதாக ஒப்புக்கொண்டுள்ளார். உடன்வர விரும்புவோர் ஆகஸ்டு முதல் ஞாயிறுதோறும் காலை 6 மணிக்குச் சஞ்சய் ஏரி வாயிலுக்கு, பையில் 5 கிலோ அரிசியோடு வந்து சேருக.